குருதி அழுத்தத்தின் உப்புணர்திறன்

குருதி அழுத்தத்தின் உப்புணர்திறன் என்பது, ஒருவர் உண்ணும் உப்பின் அளவு கூடும்போது அல்லது குறையும்போது அவருடைய குருதி அழுத்தம் எவ்வளவு மாறுகின்றது என்பதைக் குறிக்கும் பண்பு ஆகும். ஒரே அளவு உப்பை உண்ணும் இருவரில் ஒருவருக்கு அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்கு மேல் உயரலாம். மற்றவருக்கு ஏறத்தாழ மாற்றமே இல்லாமல் இருக்கலாம். முதலாமவரை உப்புணர்வு உள்ளவர் என்றும், இரண்டாமவரை உப்பைத் தாங்குபவர் என்றும் மருத்துவ நூல்கள் வகைப்படுத்துகின்றன.

இப்பண்பு, சராசரியாகப் பார்க்கும்போது, ஆப்பிரிக்க வழியினரிடம் ஐரோப்பிய வழியினரைவிடவும், பெண்களிடம் ஆண்களைவிடவும் கூடுதலாகக் காணப்படுகின்றது. ஆனால் இவ்வேறுபாடுகளுக்கான காரணம் பிறப்பிலேயே அமைந்ததா, உணவாலும் சூழலாலும் வந்ததா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் பதனிடும் பகுதியில் இக்கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அங்கு உப்பு சமையலறையில் இருந்து மட்டுமன்றி, கிணற்று நீரில் இருந்தும் உடலுக்குள் செல்லக்கூடும்.

உடலில் உப்பின் வழி

சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு. 1 கிராம் உப்பில் ஏறத்தாழ 393 மில்லிகிராம் சோடியம் உள்ளது. உடலில் சோடியம் தங்கினால் அதனுடன் நீரும் தங்கும். நீர் கூடினால் குருதியின் கன அளவு கூடும். இந்தச் சமநிலையைக் காப்பது சிறுநீரகத்தின் வேலை.

இவ்வேலையின் அளவு வியப்பூட்டுவது. நலமான ஒருவரின் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பைக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ ஆகும். இதில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் குருதிக்கே திரும்புகின்றது. நாம் உண்ணும் எட்டு, பத்து கிராம் உப்பை வெளியேற்றுவது என்பது, இந்தப் பெருங்கணக்கின் கடைசி ஒரு விழுக்காட்டைத் துல்லியமாகச் சரிசெய்வதே. மீளுறிஞ்சும் அமைப்பில் மிகச் சிறிய பிசகு இருந்தாலும் நாளடைவில் உப்பு தேங்கும்.

அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் இதனை ஒரு பின்னூட்டக் கட்டுப்பாட்டு அமைப்பாக விளக்கினார். அழுத்தம் உயர்ந்தால் சிறுநீரகம் கூடுதல் உப்பை வெளியேற்றும்; அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும். அணையின் மதகைத் திறக்க எவ்வளவு நீர்மட்டம் வேண்டும் என்பதைப் போன்றது இது. உப்புணர்வு உள்ளவரின் மதகு திறக்கக் கூடுதல் மட்டம் தேவைப்படுகின்றது. அந்தக் கூடுதல் மட்டமே அவருடைய உயர் குருதி அழுத்தம். இவ்விளக்கம் முழுமையானது அன்று. உப்பைத் தாங்குபவரிடமும் தொடக்கத்தில் நீர் தேங்குகின்றது; ஆனால் அவருடைய குருதிக் குழாய்கள் விரிந்து இடம் கொடுத்துவிடுகின்றன. ஆகவே சிறுநீரகம், குருதிக் குழாய்களின் உட்சுவர், நரம்பு மண்டலம் ஆகிய மூன்றும் இதில் பங்கு பெறுகின்றன.

சிறுநீரகம் சுரக்கும் ரெனின் என்னும் நொதியும், அதன் வழியே தூண்டப்படும் ஆல்டோஸ்டீரோன் என்னும் இயக்குநீரும் உப்பைத் தேக்கி வைக்க உதவுபவை. உப்பைக் கூடுதலாக உண்டால் இவை குறைய வேண்டும். உப்புணர்வு உள்ளவர்கள் பலரிடம் ரெனின் ஏற்கெனவே தாழ்ந்தே இருப்பதால், மேலும் குறைவதற்கு இடமில்லை.

வரலாறும் அளவிடும் முறையும்

உப்புக்கும் குருதி அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை 1904 ஆம் ஆண்டிலேயே பிரான்சில் அம்பார், போசார் ஆகியோர் பதிவு செய்தனர். 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கெம்ப்னர் என்பவர், சோறும் பழங்களும் மட்டும் கொண்ட, உப்பு ஏறத்தாழ இல்லாத உணவைக் கொடுத்துக் கடுமையான உயர் அழுத்த நோயாளிகளைக் குணப்படுத்திக் காட்டினார். 1962 இல் லூயிசு டால், எலிகளைத் தெரிவு செய்து இனப்பெருக்கம் செய்வதன் மூலம், உப்பால் அழுத்தம் உயரும் எலிகள், உயராத எலிகள் என இரு கால்வழிகளைச் சில தலைமுறைகளிலேயே பிரித்தெடுத்தார். உப்புணர்திறனில் மரபுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

மனிதரில் இதனை அளப்பது எளிதன்று. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைரான் வைன்பர்கர் வகுத்த முறையில், முதல் நாள் 2 லிட்டர் உப்புக் கரைசல் நான்கு மணி நேரத்தில் சிரை வழியே ஏற்றப்படும். மறுநாள் மிகக் குறைந்த உப்புணவும் சிறுநீர் பெருக்கும் மருந்தும் தரப்படும். இரு நிலைகளிலும் சராசரி அழுத்தம் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் வேறுபட்டால் அவர் உப்புணர்வு உள்ளவர், 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் உப்பைத் தாங்குபவர். இடைப்பட்டவர் எவ்வகையிலும் சேராதவர். மற்றொரு முறை, சில நாட்கள் குறைந்த உப்புணவும் சில நாட்கள் மிகுந்த உப்புணவும் கொடுத்து ஒப்பிடுவது.

இந்த 10, 5 என்னும் எல்லைகள் ஆய்வு வசதிக்காக வரைந்தவையே. உண்மையில் மக்களின் உப்புணர்திறன், உயரத்தைப் போலத் தொடர்ச்சியாகப் பரவியிருக்கின்றது. இரு குவியல்களாகப் பிரிந்து நிற்பதில்லை. பின்வரும் விழுக்காடுகளைப் படிக்கும்போது இதனை நினைவில் கொள்வது நல்லது.

இன வேறுபாடு

வைன்பர்கர் குழுவினரின் ஆய்வில், உயர் அழுத்தம் உள்ள கருப்பின அமெரிக்கர்களில் 73 விழுக்காட்டினரும் வெள்ளையினத்தவரில் 56 விழுக்காட்டினரும் உப்புணர்வு உள்ளவர்களாக இருந்தனர். இயல்பான அழுத்தம் உள்ளோரில் இவ்வேறுபாடு சுருங்கி, முறையே 36, 29 விழுக்காடு ஆயிற்று. 2001 இல் வெளிவந்த, 412 பேர் பங்கேற்ற 'டேஷ்-சோடியம்' ஆய்விலும் உப்பைக் குறைத்ததன் பயன் கருப்பினத்தவரிடம் கூடுதலாக இருந்தது. எனினும் பயன் எல்லாப் பிரிவினருக்கும் கிடைத்தது. வழமையான அமெரிக்க உணவை உண்டவர்களிடம், மிகுந்த உப்பில் இருந்து குறைந்த உப்புக்கு மாறியபோது சுருக்க அழுத்தம் சராசரியாக 6.7 மி.மீ. இறங்கியது.

இவ்வேறுபாட்டை விளக்கப் பல கருத்துகள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் பரவலாகப் பேசப்பட்டது அடிமை வணிகக் கருதுகோள். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த அடிமைக் கப்பல்களில் வயிற்றுப்போக்காலும் வியர்வையாலும் உப்பிழந்து பலர் இறந்தனர் என்றும், உப்பைத் தேக்கி வைக்கும் உடலமைப்பு உடையோரே பிழைத்தனர் என்றும், அவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய கருப்பின அமெரிக்கர் என்றும் அது கூறியது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் கதை இது. ஆனால் அடிமை வணிக வரலாற்றில் வல்லுநரான பிலிப் கர்ட்டின், 1992 இல், இக்கருதுகோளுக்கு வரலாற்றுச் சான்றுகள் துணை நிற்கவில்லை என்று காட்டினார்.

ரிச்சர்டு கூப்பர் குழுவினர் 1997 இல் வெளியிட்ட ஒப்பீடு இதைவிட முக்கியமானது. ஒரே மேற்கு ஆப்பிரிக்க வழிவந்த மக்களில், உயர் குருதி அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடாகவும், கரிபியன் தீவுகளில் 26 விழுக்காடாகவும், அமெரிக்காவில் 33 விழுக்காடாகவும் இருந்தது. மரபு ஏறத்தாழ ஒன்றே; மாறியவை வாழிடம், உணவு, உடல் எடை, சமூக நிலை. அதே குழு 2005 இல் ஐரோப்பிய வழியினரையும் சேர்த்து ஒப்பிட்டபோது, வெள்ளையினத்தவரில் 27 முதல் 55 விழுக்காடு வரையும், கருப்பினத்தவரில் 14 முதல் 44 விழுக்காடு வரையும் உயர் அழுத்தம் காணப்பட்டது. இன எல்லையைவிட நாட்டு எல்லை பெரிதாக இருந்தது என்று பொருள்.

உணவில் பொட்டாசியத்தின் பங்கும் இங்கு கவனிக்கத்தக்கது. காய், கனி, கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுகின்றது. 1999 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொட்டாசியம் குறைந்த உணவை உண்டபோது கருப்பின ஆண்களில் பெரும்பாலானோர் உப்புணர்வு காட்டினர். பொட்டாசியத்தைக் கூட்டியதும் அவ்வுணர்வு பெருமளவு அடங்கியது. பிறப்பில் அமைந்தது என்று எண்ணப்பட்டதில் ஒரு பகுதி தட்டில் இருந்ததே ஆகும்.

இருப்பினும் மருத்துவ நடைமுறையில் இனம் இன்றும் ஒரு குறியீடாகப் பயன்படுகின்றது. பிரித்தானிய வழிகாட்டி, ஆப்பிரிக்க அல்லது ஆப்பிரிக்க-கரிபிய வழியினருக்கு நீரிழிவு இல்லையெனில் முதல் மருந்தாகக் கால்சியம் தடுப்பி வகையைப் பரிந்துரைக்கின்றது; ரெனின் தாழ்ந்திருப்போரிடம் ரெனின் சார்ந்த மருந்துகள் குறைவாகவே வேலை செய்யும் என்பது இதன் அடிப்படை. தெற்காசியருக்கு அத்தகைய தனி விதி எதுவும் அதில் இல்லை.

பால் வேறுபாடு

பெண்களின் உப்புணர்திறன் குறித்த பெரிய சான்றுகளுள் ஒன்று சீனாவில் இருந்து வந்தது. வட சீனச் சிற்றூர்களில் 1,906 பேருக்கு ஏழு நாட்கள் குறைந்த உப்புணவும், அடுத்த ஏழு நாட்கள் மிகுந்த உப்புணவும் கொடுத்துச் செய்த 'சென்சால்ட்' ஆய்வில், ஆண்களைவிடப் பெண்களிடம் அழுத்த மாற்றம் கூடுதலாக இருந்ததாக 2009 இல் வெளியிடப்பட்டது. டேஷ்-சோடியம் ஆய்விலும் இதே போக்குக் காணப்பட்டது.

ஆனால் பெண்கள் அனைவரையும் ஒரே தொகுதியாகக் கொள்வது பிழை. மாதவிடாய் நிற்பதற்கு முன் பெண்களின் குருதி அழுத்தம் பொதுவாக அதே வயது ஆண்களைவிடத் தாழ்ந்து இருக்கும். ஈஸ்ட்ரோசன் குருதிக் குழாய்களை விரிவடையச் செய்வது இதற்கு ஒரு காரணம். அப்பாதுகாப்பு நீங்கும்போது நிகழ்வதை 2006 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகக் காட்டியது. கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்ட 40 பெண்களில், அறுவைக்கு முன் 22.5 விழுக்காட்டினரே உப்புணர்வு உள்ளவர்கள். நான்கு மாதங்களுக்குப் பின் அது 52.5 விழுக்காடாயிற்று. நான்கு மாதங்களில் மரபணுக்கள் மாறியிருக்க முடியாது. மாறியது இயக்குநீர்ச் சூழலே.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு காரணி உண்டு. விலங்காய்வுகளில், பெண் உயிரிகளின் குருதிக் குழாய்கள் ஆல்டோஸ்டீரோனுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டுகின்றன. எனவே மாதவிடாய்க் காலத்திலும் சில பெண்களிடம் உப்புணர்வு மிகுந்திருக்கக் கூடும்.

மகப்பேறு காலம் தனி. கருவுற்ற பெண்ணின் கால் வீங்கினால் உப்பையே நிறுத்திவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கருக்கால உயர் அழுத்த நோயைத் தடுக்கும் நோக்குடன் உப்பைக் கடுமையாகக் குறைப்பதை உலக சுகாதார நிறுவனம் 2011 ஆம் ஆண்டு வழிகாட்டியில் பரிந்துரைக்கவில்லை. அக்காலத்தில் உடலுக்குக் கூடுதல் குருதி தேவைப்படுவதால் ஓரளவு நீர் தேங்குவது இயல்பே.

தெற்காசியரும் தமிழ்நாடும்

1988 இல் வெளிவந்த புகழ்பெற்ற 'இன்டர்சால்ட்' ஆய்வு 32 நாடுகளில் 52 மையங்களில் 10,079 பேரிடம் நடந்தது. இந்தியாவில் இருந்து புது தில்லியும் லடாக்கும் மட்டுமே அதில் இடம்பெற்றன. 2009 இல் இலண்டன் ஆய்வாளர்கள் 71 வெள்ளையினத்தவர், 69 கருப்பினத்தவர், 29 ஆசியர் என 169 பேரிடம் உப்பை நாளொன்றுக்கு 9.7 கிராமில் இருந்து 6.5 கிராமுக்குக் குறைத்துப் பார்த்தனர். சராசரி அழுத்தம் 146/91 இல் இருந்து 141/88 ஆக இறங்கியது. மூன்று பிரிவினருக்கும் பயன் கிடைத்தது.

சென்னையில் 1,902 பேரிடம் நடந்து 2007 இல் வெளிவந்த ஆய்வில் சராசரி உப்பு உட்கொள்ளல் நாளுக்கு 8.5 கிராம். மிகக் குறைவாக உப்பு உண்ட ஐந்தில் ஒரு பங்கினரில் 16.6 விழுக்காட்டினருக்கும், மிகக் கூடுதலாக உண்ட ஐந்தில் ஒரு பங்கினரில் 48.4 விழுக்காட்டினருக்கும் உயர் அழுத்தம் இருந்தது. இது வினாநிரல் கொண்டு செய்த கணிப்பு என்பதால் உப்புணர்திறனை நேரடியாக அளந்தது ஆகாது. 2017-18 ஆம் ஆண்டுகளின் தேசியக் கணக்கெடுப்பில், இந்தியரின் சராசரி நாளுக்கு 8.0 கிராம், ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 5 கிராம். அதாவது, கூடுதலாக உண்பவர் ஆண். ஒவ்வொரு கிராமுக்கும் கூடுதலாக எதிர்வினை காட்ட வாய்ப்புள்ளவர் பெண். 'பெண்கள் குறைவாகத்தானே உண்கின்றார்கள்' என்று ஆறுதல் கொள்ள இதில் இடமில்லை.

மேலை நாடுகளில் உப்பு பெரும்பாலும் ஆலையில் செய்த உணவில் ஒளிந்து வருகின்றது. நம்மிடமோ அதன் பெரும்பகுதி வீட்டுச் சமையலில் நாமே இடுவது: குழம்பு, இரசம், ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு.

வேலூர் - ஆம்பூர் தோல் பதனிடும் பகுதி

பாலாற்றுப் படுகையில் அமைந்த இப்பகுதி முன்பு ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது. 2019 இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதன் பின், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டை தன் பெயரிலான மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும் உள்ளன.

உரித்த தோல் சில மணி நேரங்களில் அழுகத் தொடங்கும். அதனைத் தடுக்கத் தோலின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரை உப்பு தூவப்படுகின்றது. உப்புத் தோல் ஆலைக்கு ('டேனரி' என்பதே வட்டார வழக்கு) வந்ததும் முதல் வேலை அதனை ஊற வைத்து உப்பைக் கழுவுவது. குரோமியம் போன்றவற்றை வேதிமுறையில் படிய வைத்துப் பிரிக்க இயலும். உப்பு அப்படிப் படிவதில்லை. நுண்ணுயிரிகளும் அதனைச் சிதைப்பதில்லை. எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கல் போன்ற செலவு மிகுந்த வழிகளே உள்ளன. செய்தித்தாள்களில் குரோமியமே பெரிதும் பேசப்படுகின்றது. ஆனால் அளவில் மிகப் பெரிய மாசு இந்த எளிய உப்புதான்.

இம்மாசு தொடர்பாக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அதில் குறிப்பிடப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இத்தீர்ப்பு உறுதி செய்தது. 2025 சனவரியிலும் பாலாற்று மாசு குறித்து இதே நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது.

நிலத்துக்கு நேர்ந்தது கணக்கில் வந்தது. உடலுக்கு எவ்வளவு என்பதை எளிய கணக்கால் மதிப்பிடலாம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் சோடியத்தின் சுவை எல்லையாகக் குறிப்பிடுவது லிட்டருக்கு 200 மில்லிகிராம். அத்தகைய நீரை நாளுக்கு 3 லிட்டர் குடித்தால் 600 மில்லிகிராம் சோடியம், அதாவது 1.5 கிராம் உப்பு உடலில் சேரும். வெயிலில் உழைப்பவர் 5 லிட்டர் குடித்தால் 2.5 கிராம், நாள் எல்லையில் பாதி. (அவர் வியர்வையில் உப்பை இழக்கவும் செய்கின்றார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.) இந்தியத் தர நிர்ணயம், வேறு நீர்வளம் இல்லாத இடங்களில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை குளோரைடை அனுமதிக்கின்றது. அது முழுவதும் சமையல் உப்பாக இருக்குமானால் ஒரு லிட்டரில் 1.65 கிராம் உப்பு. 3 லிட்டரில் ஏறத்தாழ 5 கிராம். உணவில் ஒரு துளி உப்புச் சேரும் முன்பே எல்லை நிரம்பிவிடும்.

இது மேல் எல்லைக் கணக்கு மட்டுமே. நிலத்தடி நீரில் குளோரைடின் ஒரு பகுதி கால்சியம், மக்னீசியத்துடன் இணைந்திருக்கும். கடல்நீர் ஊடுருவிய வங்காளதேசக் கரையோரத்தில் நடந்த ஆய்வுகள் இந்தச் சிக்கலைக் காட்டுகின்றன. தாக்கோப் என்னும் பகுதியில், உவர்நீர் குடித்த கருவுற்ற பெண்களிடம் கருக்கால உயர் அழுத்த நோய் மிகுந்திருந்தது. அதே கரையோரத்தில் நடந்து 2019 இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலோ, மிதமான உவர்நீர் குடித்தோரின் அழுத்தம் சற்றுத் தாழ்ந்தே இருந்தது. அந்நீரில் இருந்த கால்சியமும் மக்னீசியமும் சோடியத்தின் விளைவை ஈடு செய்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். ஆகவே ஒரு கிணற்று நீர் உப்புக் கரிக்கின்றது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. சோடியம் எவ்வளவு என்று தனியே அளக்க வேண்டும்.

மேட்டூரில் இருந்து காவிரி நீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும், விலைக்கு வாங்கும் 'கேன்' தண்ணீரும் வந்தபின், பலர் குடிப்பதற்குக் கிணற்றை நம்புவதில்லை. சமையலுக்கும் அதே நீரா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆம்பூர்ப் பகுதியின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பான்மையினர் பெண்கள். நாற்பதைக் கடந்து மாதவிடாய் நிற்கும் பருவத்தை நெருங்குவோர், மேலே கண்ட 22.5, 52.5 என்னும் எண்களின் நடுவே நிற்பவர்கள். ஆண்டுதோறும் குருதி அழுத்தம் அளக்கப்படுவதால் முதலில் பயன் பெறக்கூடியவர்களும் அவர்களே.

பிறப்பு எடையும் நெஃப்ரான்களும்

சிறுநீரகத்தின் வடிப்பு அலகாகிய நெஃப்ரான் பிறப்புக்குப் பின் புதிதாக உருவாவதில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு அவை குறைவாக இருக்கும். குறைவான நெஃப்ரான்கள் உப்பை வெளியேற்ற உயர் அழுத்தம் தேவைப்படும் என்று பாரி பிரென்னர் குழுவினர் 1988 இல் முன்மொழிந்தனர். 2003 இல் செருமனியில், விபத்தில் இறந்தோரின் சிறுநீரகங்களை ஆராய்ந்தபோது, உயர் அழுத்தம் இருந்த பத்துப் பேரிடம் ஒரு சிறுநீரகத்துக்கு நடுமதிப்பாக ஏறத்தாழ 7 இலட்சம் வடிப்பு முடிச்சுகளும், இல்லாத பத்துப் பேரிடம் ஏறத்தாழ 14 இலட்சமும் இருந்தன. ஒப்பிடப்பட்ட அனைவரும் ஒரே இனத்தவர் என்பது இங்கு கருதத்தக்கது.

இந்தியாவில் எடை குறைந்த பிறப்புகள் மிகுதி என்பதால் இக்கருத்து நமக்கு நெருக்கமானது. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிறப்பு அளவுகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பதிவு செய்து வைத்துள்ளது. அவர்களுள் 2,218 பேர் 26 முதல் 32 வயதில் மீண்டும் ஆராயப்பட்டனர். அவ்வாய்வின் முதன்மை நோக்கம் நீரிழிவு. எனினும் பிறந்த எடை தெரிந்த இத்தனை பேர் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. உப்புணர்திறனுக்கு இனம் காரணமா, கருப்பையில் கிடைத்த ஊட்டம் காரணமா என்று பிரித்தறிய இத்தகைய பதிவுகளே துணை செய்யும்.

மாற்று உப்பு

சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு கடைகளில் கிடைக்கின்றது. 2021 இல் வெளிவந்த சீன ஆய்வில், 600 சிற்றூர்களைச் சேர்ந்த 20,995 பேரில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியோருக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு தெலங்கானாவின் சித்திப்பேட்டைச் சிற்றூர்களில் 502 உயர் அழுத்த நோயாளிகளிடம் இத்தகைய உப்பு சுருக்க அழுத்தத்தை 4.6 மி.மீ. குறைத்தது. இதற்கு யாருடைய இனத்தையும் கேட்க வேண்டியதில்லை.

சிறுநீரகம் பழுதுற்றோரிடம் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கக் கூடும். ஆகையால் 2025 சனவரியில் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, இவ்வகை உப்பை வீட்டுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரக நோயாளிகள், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோரை அப்பரிந்துரையில் சேர்க்கவில்லை. பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரைகளை உட்கொள்வோர் உப்பை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.